‘ஏலாது’ என்று எழுதிய டீச்சர்

நஜ்முன் நிஸா டீச்சரைக் காண்பதற்கு முன்னரே அவரைப் பற்றிய முறைப்பாடு ஒன்றைக் கேட்டுவிட்டேன். 1964 தை மாதம் அது. கிண்ணியாவிலிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்குக் கணித ஆசிரியையாக நியமனம் கிடைத்து, திருகோணமலைப் பட்டினத்தில் முதல் தடவையாக லோஞ்சு என்ற இயந்திரப் படகில் ஏறியிருந்தேன். பக்கத்திலிருந்த பெண் நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தாள். சொன்னேன். அந்தப் பள்ளியில் ஒரு டீச்சர் இருக்கிறா, எங்கட குமருப்பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரப் பாதிரியாரின் கதையைப் படிப்பிக்கிறா, கவனம் என்றாள். சுக்கானைப் பிடித்திருந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் சிரிப்பது தோளில் தெரிந்தது. அவர் பெயர் அபூதாஹிர் என்பதும், லோஞ்சு அவருடையது என்பதும், அந்த டீச்சரின் கணவரே அவர்தான் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

அந்தப் பெண் சொன்ன பாதிரியார் செத்து எழுநூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பெயர் றொபேட் குரோசெட்டெஸ்ட். இங்கிலாந்தில் லிங்கன் என்ற இடத்தின் மேற்றிராணியார். ஆயர் என்று இப்போது சொல்கிறார்களே, அந்தப் பதவி. அவர் கிண்ணியாவுக்கு வந்து சேர்ந்தது ஒரு மரப்பெட்டியில்.

நஜ்முன் நிஸாவின் வாப்பா ஸைனுலாப்தீன், வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். மகளைப் பட்டினத்துக் கன்னியர் மடப் பள்ளிக்குத் தோணியில் அனுப்பிப் படிப்பித்தவர். ஊர் கதைத்தது, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1957இல் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அவர்களுடைய வாசிகசாலையைத் துப்புரவாக்கினார்கள். எரிப்பதற்கென்று குவித்து வைத்திருந்த புத்தகங்களிலிருந்து ஸைனுலாப்தீன் ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். மகள் அப்போது திருமணமாகி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் பெரும்பாலும் இயந்திரங்களைப் பற்றிய புத்தகங்கள். சில துப்பறியும் கதைகள். அடியில், மட்டை இல்லாத ஒரு தடித்த புத்தகம்: இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாறு. முதல் நாற்பது பக்கத்தையும் கறையான் தின்றிருந்தது. எழுதியவர் யாரென்று டீச்சருக்குக் கடைசிவரை தெரியாது.

அதில் ஓர் அதிகாரம் முழுதும் இந்த மேற்றிராணியாரைப் பற்றியது. டீச்சர் அதை எத்தனை தரம் வாசித்தார் என்று கணக்கில்லை. ஏழைக் குடும்பத்தில் பிறந்த மனிதர். பிரெஞ்சு மொழியில் அவர் பெயருக்குப் பெரிய தலை என்று அர்த்தம். அறுபது வயதைக் கடந்த பிறகுதான் அந்தப் பதவி கிடைத்தது. நாட்டிலேயே பெரிய மறைமாவட்டம். பதவி ஏற்றதும் அவர் மாளிகையில் உட்காரவில்லை. இடம் இடமாகப் போய்க் குருமாரையும் சனங்களையும் கூட்டி விசாரித்தார். சரியில்லாத மடத்துத் தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். அவருடைய பேராலயத்துக் குருமாரே, எங்களை விசாரிக்க உமக்கு உரிமையில்லை என்று எதிர்த்து நின்றார்கள். ஆறு வருட வழக்கு. அவர் விடவில்லை. மன்னன் குருமாரை நீதிபதிகளாக்கியபோது, ஆன்மாவைப் பார்க்க வேண்டியவனுக்கு அரசன் வேலை எதற்கு என்று மன்னனுக்கே எழுதினார். மக்களுக்குக் கொடுத்த உரிமைப் பட்டயத்தை மீறுகிறவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்று மேற்றிராணிமார் எல்லோரும் கூடி, கையிலிருந்த மெழுகுதிரிகளை நிலத்தில் எறிந்து அணைத்தார்களே, அந்தக் கூட்டத்திலும் அவர் இருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு, சாகிற வருடத்தில், பாப்பரசரிடமிருந்தே ஒரு கட்டளை வந்தது. பாப்பரசருக்கு மருமகன் முறையான ஓர் இளைஞனுக்கு லிங்கன் பேராலயத்தில் ஒரு பதவி கொடுக்க வேண்டும். இளைஞன் இத்தாலியன். அந்த ஊருக்கு வந்து சனங்களைப் பார்க்கப் போகிறவன் அல்லன். வருமானம் மட்டும் அவனுக்குப் போகும். கிழவர் மறுத்து எழுதினார். பாப்பரசரின் ஆசனத்தை மதிக்கிறபடியால்தான் இந்தக் கட்டளைக்குப் பணிய மாட்டேன் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

டீச்சர் படிப்பித்த சரித்திரப் பாடத்தில் இங்கிலாந்து வரலாறும் இருந்தது. ஆனால் தமிழில் இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. டீச்சர் தாமே குறிப்பு எழுதி, ரோணியோ என்ற படியெடுக்கும் இயந்திரத்தில் உருட்டி, மைபட்ட கையோடு வகுப்புக்குப் போவார். பிள்ளைகள் அவருக்கு லிங்கன் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். பட்டினத்தில் லிங்கநகரிலிருந்து வருகிற நான்தான் முறைப்படி லிங்கன் டீச்சர் என்று நான் சொல்ல, ஆசிரியர் அறை சிரித்தது. உயரம் குறைந்தவர் நஜ்முன் நிஸா. சேலை முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வேகமாக நடப்பார். யாரோடு கதைத்தாலும் கண்ணைப் பார்த்துத்தான் கதைப்பார். அதுவே சிலருக்குத் திமிராகப் பட்டது.

1966இல் முறைப்பாடு பள்ளிக்கே வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்த கலீலுர் றஹ்மான் ஹாஜியார் குடையோடு வந்து, நம்முடைய கலீபாமாரின் சரித்திரம் இருக்கப் பாதிரியாரின் கதை எதற்கு மகள் என்று கேட்டார். கலீபாமாரையும் படிப்பிக்கிறேன், இதுவும் பரீட்சைக்கு இருக்கிறது, சந்தேகமென்றால் வகுப்பில் வந்து இருங்கள் என்றார் டீச்சர். ஹாஜியாரும் விடவில்லை. வகுப்பின் பின்னால் கதிரை போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு டீச்சர் பாடத்தை இனிப்பாக்கிச் சொல்லவில்லை. அந்த மேற்றிராணியார் அறபு அறிஞர்களின் நூல்களை லத்தீனில் படித்தவர் என்று சொன்னார். அதே மூச்சில், அவர் காலத்து யூதர்களிடம் கடுமையாக நடந்தவர் என்றும், எங்களைக் கண்டிருந்தாலும் அணைத்திருக்க மாட்டார் என்றும் சொன்னார். நல்ல மனிதரைப் படிக்கவில்லை, ஒரு மனிதர் செய்த ஒரு நல்ல வேலையைப் படிக்கிறோம் என்றார். பாடம் முடிந்ததும் ஹாஜியார் எழும்பினார்.

“அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஆள் வெண்டாரா தோத்தாரா, மகள்?”

“அதே வருஷம் மௌத்தாகிட்டார், ஹாஜியார். அந்தப் பொடியனுக்கு இடம் கிடைச்சுதா இல்லையா எண்டு என்ட புத்தகத்தில இல்ல.”

“அப்ப என்னத்துக்கு எழுதினாராம்?”

“எழுதாம விட்டிருந்தா அவரும் சேந்து குடுத்த மாதிரி ஆயிருமே.”

ஹாஜியார் குடையை விரித்துக்கொண்டு போனார். அடுத்த தவணை தம் கடைசி மகளை எங்கள் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தார்.

1970இல் பள்ளி அதிபர் ஓய்வு பெற, நிரந்தர நியமனம் வரும்வரை நஜ்முன் நிஸா பதில் அதிபரானார். அவர் முதலில் செய்தது உயர்தரத்தில் விஞ்ஞான வகுப்பைத் தொடங்கியது. அதுவரை விஞ்ஞானம் படிக்க விரும்பும் பெண்பிள்ளைகள் பட்டினத்துக்குத்தான் போக வேண்டும். கடல் தாண்டி அனுப்ப வீடுகள் சம்மதிப்பதில்லை. படிப்பு அதோடு நின்றுவிடும். ஆறு பிள்ளைகளோடு வகுப்பு தொடங்கியது. பௌதிகத்துக்கு ஆள் கிடைத்தது. தாவரவியலுக்கும் கிடைத்தது. ரசாயனத்துக்கு ஆளே இல்லை. டீச்சர் கல்விக் கந்தோருக்கு, அந்த அலுவலகத்து அதிகாரிகளுக்கு, மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித ஆசிரியையான நான் புத்தகத்தைப் பார்த்து எனக்கு விளங்கிய அளவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு விளங்கியது கொஞ்சம்.

1972 தொடக்கத்தில் கந்தோரிலிருந்து நற்செய்தி வந்தது. ரசாயன ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். பெயரும் போட்டிருந்தது. நாங்கள் பரிசோதனைக் குழாய்களைக் கழுவி வைத்தோம். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது, ஆளைக் காணவில்லை. மூன்றாம் கிழமை ஆளுக்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது: இன்னார் இன்ன திகதியில் இப்பாடசாலையில் கடமையேற்றார் என அதிபர் உறுதிப்படுத்த வேண்டும். விசாரித்தபோது விஷயம் வெளிப்பட்டது. அந்தப் பொடியன், அப்போது ஆட்சியிலிருந்த கட்சிக்கு எங்கள் பக்கத்தில் அமைப்பாளராக இருந்தவரின் மருமகன். கொழும்பில் இருக்கிறான். அங்கேதான் இருக்கப் போகிறான். மாதம் ஒருநாள் வந்து வரவுப் புத்தகத்தில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவானாம்.

டீச்சர் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

பதில் போகாததால் கல்வி அதிகாரி கனகசுந்தரம் நேரிலேயே வந்தார். கெட்டவரல்லர். இரத்த அழுத்தக்காரர், படியேறி வந்ததற்கே வியர்த்திருந்தது. என்னையும் இருக்கச் சொன்னார் டீச்சர், சாட்சிக்கு.

“ஆள் வந்தாலென்ன வராட்டியென்ன, டீச்சர், ஒரு கையெழுத்துத்தானே,” என்றார் அவர். “எனக்கும் மேலயிருந்து நெருக்கிறாங்கள்.”

“அந்தக் கையெழுத்துப் போட்டா, சேர், எங்களுக்கு ரசாயனத்துக்கு ஆள் இருக்கு எண்டு ஆயிரும். பிறகு நான் எத்தினை கடிதம் எழுதினாலும் ‘வெற்றிடம் இல்லை’ எண்டுதான் நீங்க பதில் போடணும். இந்த ஆறு பிள்ளைகளுக்கும் ஆர் படிப்பிக்கிற?”

“அதுக்கு வேற வழி பாப்பம்.”

“ரெண்டு வருஷமாப் பாக்கிறம், சேர்.”

கனகசுந்தரம் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். மறுத்தால் எழுத்தில் தர வேண்டியிருக்கும், எழுத்தில் தந்தால் அதை மேலே அனுப்பாமல் வைத்திருக்கத் தம்மால் ஏலாது என்று எச்சரித்தார். எழுத்தில்தான் தரப்போகிறேன் என்றார் டீச்சர்.

பள்ளியில் தட்டெழுத்துத் தெரிந்தவள் நான்தான். டீச்சர் சொல்லச் சொல்ல அடித்தேன். மேற்படி நபர் இன்றுவரை இப்பாடசாலைக்கு வரவில்லை. வராத ஒருவர் கடமையேற்றார் என உறுதிப்படுத்த ஏலாது. அவர் வந்து வகுப்பில் நிற்கும் நாளிலேயே கையொப்பம் இடுவேன். இவ்வளவுதான் கடிதம். கந்தோர்க் கடிதத்தில் ஏலாது என்று எழுதுவதில்லை, ‘இயலாதென்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்’ என்று போடுவோம் என்றேன். அப்படியே அடித்தும் காட்டினேன்.

“வருத்தம் எண்டதை எடுங்க, தங்கரத்தினம் டீச்சர். நான் வருத்தப்படல்ல.”

திரும்ப அடித்தேன். ஏலாது என்பது ஏலாது என்றே போயிற்று. மேற்றிராணியாரை நினைத்துத்தானா இதெல்லாம் என்று கேட்டேன். அவர் யோசித்தார். வகுப்பில் பத்து வருடமாக ஒரு கதையைச் சொல்லிவிட்டு, தம் மேசைக்கு அதே கதை வரும்போது வேறு பதில் எழுதினால், நாளைக்கு அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது எப்படி என்று கேட்டார்.

முதல் அடி அபூதாஹிருக்கு விழுந்தது. வருடாவருடம் புதுப்பிக்கும் லோஞ்சுப் பெர்மிட் அந்த வருடம் வரவில்லை. லோஞ்சைத் துறையில் கட்டிவிட்டு அவர் மற்றவர்களின் வள்ளத்தில் மீனுக்குப் போனார். ஒருநாள் பின்னேரம் நான் அவர்கள் வீட்டிலிருந்தபோது அவர் வந்து, குசினிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு மனைவியிடம் சொன்னார்:

“நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே பெர்மிட் தருவாங்களாம். ஆள் விட்டுச் சொல்லியிருக்காங்க. சொல்லாம விட்டா ஒளிச்ச மாதிரி ஆயிரும். அதான் சொன்னன்.”

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

“லோஞ்சு கட்டிக் கிடந்தா பாசி பிடிக்கும். பாசியைச் சுரண்டலாம்,” என்றார் அபூதாஹிர். பிறகு கை கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். டீச்சர் அழுததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் கணவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஆனி மாதம் இடமாற்றக் கடிதம் வந்தது. தம்பலகாமத்துக்கும் அப்பால், காட்டோரத்தில், இரண்டே அறையுள்ள ஒரு சின்னப் பள்ளிக்கு உதவி ஆசிரியையாக. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. பிரியாவிடை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அலுமாரிகளைப் பூட்டி, அவற்றின் திறப்புகளை என் கையில் தந்தார். மூப்பு வரிசையில் அடுத்தவள் நான். பதில் அதிபர் ஆனேன்.

பத்தாம் நாள் அதே படிவம் என் மேசைக்கு வந்தது.

இந்த இடத்தை நான் மழுப்பக் கூடாது. பேனாவைத் திறந்தேன். வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். பார்க்க என்னைத் தவிர யாருமில்லை. என்னையும் காட்டுக்கு அனுப்பினால்? பேனாவை மூடினேன். சனிக்கிழமை பஸ் பிடித்துத் தம்பலகாமம் போய், அங்கிருந்து ஒரு டிரக்டர் பெட்டியில் தொற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். முந்தின கிழமை யானை வந்து வேலியைச் சாய்த்திருந்தது. நாலைந்து பெற்றோரோடு சேர்ந்து டீச்சர் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். கறுத்து, மெலிந்து போயிருந்தார். பார்வை மட்டும் மாறவில்லை. மரநிழலில் இருந்து நான் எல்லாவற்றையும் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“அதை என்னட்டக் கேக்காதீங்க,” என்றார். “நான் சொல்லி நீங்க மறுத்தா அது என்ட மறுப்பு. உங்கட இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மனம் கொதித்தது. வீட்டுக்கு வந்து, இல்லாத காய்ச்சலுக்கு வைத்தியரிடம் சான்றிதழ் வாங்கி, ஒரு மாத லீவு எழுதிப் போட்டேன். கையெழுத்தும் போடவில்லை. மறுக்கவும் இல்லை.

அடுத்தவர் ஸல்ஹா. மனையியல் ஆசிரியை. ஆசிரியர் அறையில் நஜ்முன் நிஸாவோடு எப்போதும் முரண்படுகிறவர். இந்த மனுஷியின் பிடிவாதத்தால் எங்கள் எல்லோருடைய சோற்றிலும் மண் விழப்போகிறது என்று பகிரங்கமாகச் சொன்னவர். ஸல்ஹா பதில் அதிபரானதும் வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள் போலும். அமைப்பாளரின் ஆள் ஒருவர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். அன்று நடந்ததைப் பிறகு அந்தப் பிள்ளைகளே எனக்குச் சொன்னார்கள். ஸல்ஹா வந்தவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, உயர்தர விஞ்ஞான வகுப்பு ஆறு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்தாராம். பிறகு படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாராம்:

“இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சேர் எத்தினை நாள் ரசாயனம் படிப்பிச்சார்? அதையும் இதில எழுதத்தான் வேணும். பிள்ளைகளுக்கு முன்னால சொல்லுங்க, எழுதுறன்.”

வந்தவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. பயந்துகொண்டிருந்த பெற்றோருக்கு அதற்குப் பிறகு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கலீலுர் றஹ்மான் ஹாஜியார் முன்னால் நடக்க, நாற்பது பேர் பட்டினத்துக்குப் போய்க் கல்விக் கந்தோர் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. கந்தோர் திறந்தபோது உட்கார்ந்தவர்கள் மூடும்போதுதான் எழும்பினார்கள். மூன்று நாள் இப்படி. என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஹாஜியார் ஒரே பதிலைச் சொன்னார்: பள்ளிக்கு வருகிற ஒரு ரசாயன டீச்சர்.

மருமகனுக்குக் கொழும்பிலேயே வேறு ஏதோ திணைக்களத்தில் இடம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம். அமைப்பாளருக்கு அதுவே போதுமாக இருந்தது. வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்ததால் கனகசுந்தரம் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தார். புரட்டாதியில் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து நல்லம்மா என்ற ஒரு பட்டதாரியை அனுப்பிவைத்தார். வந்தாள், வகுப்பில் நின்றாள், சுண்ணக்கட்டியை எடுத்தாள். ஸல்ஹா அன்றைக்கே கடமையேற்புப் படிவத்தில் கையெழுத்திட்டு, கொட்டை எழுத்தில் நேரத்தையும் எழுதி அனுப்பினார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் விருப்பம்தான். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த ஆறு பேரில் முதல் தடவை ஒருத்தியும் ரசாயனத்தில் சித்தியடையவில்லை. இரண்டாம் தடவை மூன்று பேர் சித்தியடைந்தார்கள். ஒருத்தி பல்கலைக்கழகம் போனாள். அபூதாஹிரின் பெர்மிட் வர எட்டு மாதமானது. அதற்குள் லோஞ்சின் இயந்திரம் துருப்பிடித்து, பாசியைப் போலச் சுரண்டிவிட முடியாத நட்டமாகிவிட்டது. லீவு முடிந்து, பதில் அதிபர் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் பள்ளிக்குப் போனபோது ஸல்ஹா ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வகுப்புகளின் நேரசூசியை மட்டும் நீட்டினார். காய்ச்சல் சான்றிதழைப் பற்றி நானாகவே ஒருநாள் நஜ்முன் நிஸாவிடம் சொன்னேன். நீங்களும் கையெழுத்துப் போடவில்லைத்தானே என்று அவர் விட்டுவிட்டார். நான் என்னை விடவில்லை.

1974இல் அவரைத் திரும்பக் கிண்ணியாவுக்கு மாற்றினார்கள், உதவி ஆசிரியையாகவே. ஸல்ஹா அப்போது நிரந்தர அதிபர். முன்பு தம்முடையதாக இருந்த அறையின் முன்னால் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு போனார் நஜ்முன் நிஸா. ஸல்ஹா எழும்பி நின்றார். இருவருக்கும் கண் கலங்கியது என்று சொல்வார்கள், நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது அதற்கடுத்த கிழமை இருவரும் போட்ட சண்டையை. பரிசளிப்பு விழாவுக்கு அரசியல்வாதியை அழைத்து மாலை போடுவதா என்பது விஷயம். நஜ்முன் நிஸா ஏலாது என்றார். ஸல்ஹா, நான் அதிபர் என்றார். மாலை போடப்பட்டது. நஜ்முன் நிஸா அன்றைக்கு மேடைக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

1977இல் ஆட்சி மாறியது. முந்தின ஆட்சியில் அரசியல் பழிவாங்கலுக்கு ஆளான உத்தியோகத்தர்களுக்கு நீதி வழங்கப் போவதாக அறிவித்தார்கள். புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சிக்காரர் இரண்டு பேர் டீச்சரின் வீடு தேடி வந்தார்கள். பவ்வியமாகத்தான் கதைத்தார்கள். அவருக்கு நடந்த அநியாயம் ஊருக்கே தெரியும் என்றார்கள். இழந்த பதவியைப் பழைய திகதியிட்டுத் திருப்பித் தரலாம், மனுவை நாங்களே நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறோம், ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்றார்கள். டீச்சர் மனுவைக் கடைசி வரிவரை வாசித்தார்.

“இதில நான் உங்கட கட்சிக்காரி எண்டு எழுதியிருக்கே.”

“எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க, டீச்சர். அது ஒரு முறைக்கு.”

“நடக்காத ஒண்டு நடந்தது எண்டு எழுதச் சொல்லி முந்தியும் ஒரு படிவம் வந்தது,” என்றார் டீச்சர். “அதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல்ல.”

அவர்கள் போனபின் அபூதாஹிர் பெருமூச்சு விட்டார். இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் இருக்கிற ஒரே ஆள் நீங்கதான் என்றார். அவர் குரலில் இருந்தது குறையா பெருமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பிறகு டீச்சர் தாமே ஒரு மனு எழுதினார். நடந்தது நடந்தபடி, ஒரு பக்கத்தில். அடுத்த வருடம் பட்டினத்துக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். இந்த முறை லீவு எடுத்து ஒளியக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, சாட்சி சொல்லப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நீங்கள் எந்தக் கட்சி ஆதரவாளர் என்பதால் பழிவாங்கப்பட்டீர்கள் என்று நடுவிலிருந்தவர் கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்றார் டீச்சர். அப்படியென்றால் இது அரசியல் பழிவாங்கல் என்ற வகைக்குள் வராதே என்றார் அவர், உண்மையாகவே குழம்பி. நான் எழும்பி அந்தப் படிவத்தையும், அதில் நான் கையெழுத்திடப் பேனாவைத் திறந்ததையும், பயந்து மூடியதையும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதையும் எந்த வகைக்குள் போடுவதென்று தெரியாமல் திண்டாடியதைப் பார்த்தேன்.

கடைசியில் நடுவிலிருந்தவர் கோப்பை மூடிவிட்டு, பதவி தர வழியில்லை, வேறு என்ன வேண்டும் என்று கேட்டார், ஒரு மரியாதைக்காக. டீச்சர் யோசிக்கவே இல்லை. ரசாயன ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை, பிள்ளைகள் கிணற்றிலிருந்து வாளியில் சுமக்கிறார்கள், ஒரு குழாய் வேண்டும் என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுதிக்கொண்டார்கள்.

அவரோடு கிண்ணியாவுக்குத் திரும்பும்போது லோஞ்சில் கேட்டேன், உங்களுடைய மேற்றிராணியார் இன்றைக்கு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று. அவர் இந்த மாதிரி விசாரணைக்கு வந்தே இருக்க மாட்டார், விசாரிக்க வந்தவர்களை விசாரித்திருப்பார், எனக்கு அந்த அளவுக்குத் தலை பெரிதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

குழாய் வர இரண்டு வருடமாகியது. ஆனால் வந்தது. தண்ணீர்த் தாங்கியும் வந்தது, குழாய்க்குக் கீழே பதிக்கும் வெள்ளைப் பீங்கான் சட்டியும் வந்தது, சுவரில் பதிக்க ஒரு கல்லும் வந்தது. கல்லில் புதிய ஆட்சியின் அமைப்பாளருடைய பெயர் பெரிதாகச் செதுக்கியிருந்தது. திங்கட்கிழமை அவர் வந்து நாடா வெட்டிக் குழாயைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. அதுவரை யாரும் தொடக் கூடாது என்று ஸல்ஹா பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் பாடவேளையில் ஆய்வுகூடப் பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். பன்னிரண்டு பிள்ளைகள் சட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். குழாயிலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. நஜ்முன் நிஸா டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பரிசோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிள்ளைகளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நாடா சுருட்டி யன்னலோரம் வைத்திருந்தது.

ஸல்ஹாவும் வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். திங்கட்கிழமை வருகிறவருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

“தண்ணி வந்திட்டுது எண்டு சொல்லுங்க,” என்றார் நஜ்முன் நிஸா, திரும்பிப் பார்க்காமலே.

ஸல்ஹா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சட்டியருகே போய், மிச்சப் பரிசோதனைக் குழாய்களைக் கழுவத் தொடங்கினார்.